விடுதியார் சொல்ல வேண்டிய சொல்

சிலப்பதிகாரத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர்கள் நாடுகாண் காதையில் ஓரிடத்தைச் சற்று விரைந்து கடந்துவிடுவதுண்டு. புகாரை நீங்கிய கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளைத் துணையாகக் கொண்டு, காவிரியைக் கடந்து, அதன் தென்கரையில் ஒரு பூம்பொழிலில் களைப்பாற அமர்கின்றனர். அதே பொழிலுக்கு இருவர் வருகின்றனர். ஒருத்தி பரத்தை, அவளோடு வந்தவன் வீண்பேச்சுப் பேசித் திரிபவன். உடனிருப்போர் யாவர் என்று அவர்கள் வினவ, அவர்கள் தம் மக்கள் என்றும், வழிநடையால் வருந்தியிருப்போரை விட்டு விலகிச் செல்லுமாறும் அடிகள் கூறுகிறார். வந்தவர்கள் விலகவில்லை, தகாத சொல் ஒன்றைச் சொல்லி எள்ளி நகைத்தனர். கண்ணகி செவிகளைப் பொத்திக்கொண்டு கணவன்முன் நடுங்கி நின்றாள். அடிகள் சினந்து, அவ்விருவரும் நரிகளாகித் திரியுமாறு சபித்தார்.

பொழில் எல்லார்க்கும் பொது. அங்கு வர அவ்விருவருக்கும் உரிமை உண்டு. அமைதியாக அமர்ந்திருக்கக் கண்ணகிக்கும் உரிமை உண்டு. இவ்விரண்டு உரிமைகளும் ஒரே மரநிழலில் மோதிக்கொண்டபோது, நடுநின்று தீர்ப்பதற்கு அப்பொழிலுக்குப் பொறுப்பாளர் எவரும் இல்லை. ஒருவர் இருந்து, வருவோர் இன்னது செய்வர் என்பதையும் அவர் முன்பே அறிந்திருந்தால், கவுந்தியடிகளிடம் ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டுமல்லவா?

இக்காலத்தில் பொழிலுக்கு மாற்றாகத் தங்கு விடுதிகள் உள்ளன. அவற்றுக்குப் பொறுப்பாளரும் உள்ளனர். பள்ளி விடுமுறையில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு கடற்கரை விடுதி ஒன்றுக்குப் போகிறது. பல வாரங்களுக்கு முன்பே அறை பதிவு செய்து, பணமும் கட்டியாயிற்று. சென்று இறங்கிய பின்னரே ஒரு செய்தி தெரியவருகிறது. அறைகளிற் பெரும்பகுதியை ஒரு குழுவினர் எடுத்திருக்கின்றனர். அவர்களுடைய களியாட்டமோ வயது வந்தோர்க்கு மட்டுமே உரியது. குடியும் கூத்துமாகப் பொழுது போக்கும் நண்பர் கூட்டமாக இருக்கலாம். சிறுவர் கண்ணிற் படத்தகாத இன்பங்களை நாடிக் கூடும் இணையர் கூட்டமாகவும் இருக்கலாம். நீச்சற்குளத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்ற தாய் பாதி வழியில் திரும்பி வருகிறாள். விடுதியாருக்கு இது பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அவர்கள் சொல்லியிருக்க வேண்டாவா?

‘வேண்டும்’ என்பார் ஒரு சாரார். ‘யார் யார் தங்குகின்றனர் என்று மற்றவர்க்குச் சொல்வது விடுதியாரின் வேலையன்று’ என்பார் மற்றொரு சாரார். இரு சாராரும் அறியாமற் போற்றுவது, நெடிய வரலாறுடைய இருவேறு கடமைகளையே. அவ்வரலாற்றைக் காணின், இவ்வினாவிற்கு விடை தானே புலப்படும்.

பொதுப் படுக்கையும் பூட்டிய அறையும்

முதலில், விடுதியிற் பொதுவாயிருப்பது எது என்பதைக் காண்போம்.

ஆங்கில நாட்டில் ஏர்ட்போர்டுசயர் மாநிலத்து வேர் என்னும் சிற்றூரில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிற் செய்யப்பட்ட பெருங்கட்டில் ஒன்று விடுதிகளில் இருந்தது. அதன் அகலம் மூன்று மீட்டருக்கும் மிகுதி. சேக்சுபியர் தம் நாடகம் ஒன்றில் அதனைச் சுட்டும் அளவிற்கு அது பெயர் பெற்றிருந்தது. இன்று அதனை இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகத்திற் காணலாம். அக்கட்டில் ஒரு வேடிக்கைப் பொருளாகவே செய்யப்பட்டதாயினும், அக்கால வழக்கம் ஒன்றை நமக்கு உணர்த்துகிறது. வழிப்போக்கர் முன்பின் அறியாதவரோடு ஒரே அறையில், சில வேளை ஒரே படுக்கையில், உறங்கியெழுந்த காலம் அது. அறையில் உடனிருப்பவர் யாவர் என்பதைக் கண்ணாற் கண்டறியலாம். விடுதியார் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பிடிக்கவில்லையெனின் அடுத்த விடுதிக்குக் குதிரையைத் திருப்பலாம்.

அமெரிக்காவின் பாசுட்டன் நகரில் 1829-இல் திறக்கப்பட்ட திரிமாண்ட் இல்லம் இந்நிலையை மாற்றிய விடுதிகளுள் முதன்மையானது. தனித்தனி அறை, ஒவ்வோர் அறைக்கும் பூட்டு, தங்குவோர் கையிற் சாவி என்னும் ஏற்பாடுகளால் அது புதுமுறை விடுதிகளுக்கு முன்னோடியாகக் கருதப்படுகிறது. பின்னர் எழுந்த அமெரிக்கப் பெருவிடுதிகள் பலவற்றில் மகளிர்க்கெனத் தனி வாயிலும், தனி இருக்கைக் கூடமும், தனி உணவுக்கூடமும் அமைத்தனர். மதுக்கூடத்தின் வழியே மகளிரும் குழந்தைகளும் நடந்து செல்ல வேண்டாதபடி கட்டடமே பார்த்துக்கொண்டது. அங்குச் சொல் தேவைப்படவில்லை, சுவரே சொல்லாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் அத்தனி வாயில்கள் மறைந்தன. பெண்ணை மறைத்து வைப்பதே காப்பு என்னும் கருத்தும் அவற்றோடு மறைந்தது, அது நன்றே. ஆயின், அறை பூட்டப்பட்டபின் எஞ்சியவை யாவும் பொதுவாயின. நடைவழி, மின்தூக்கி, உணவுக்கூடம், நீச்சற்குளம் ஆகியவற்றில் எல்லாரும் எல்லாரையும் சந்தித்தே தீரவேண்டும். இதனோடு மற்றொரு மாறுதலும் சேர்ந்தது. அமெரிக்க நகரங்கள் பேரவைகளையும் மாநாடுகளையும் தம்பால் ஈர்க்கத் தனி அமைப்புகளை ஏற்படுத்தின. தெத்திராயிட்டு நகரில் 1896-இல் அத்தகைய செயலகம் ஒன்று தோன்றியது. அன்று முதல், குழுவாக வருவோர் விடுதித் தொழிலின் பெரும் வருவாயாயினர். நூறு அறைகளை ஒரே ஒப்பந்தத்தில் எடுக்கும் குழு ஒருபுறம். ஓர் அறை எடுக்கும் குடும்பம் மறுபுறம். விடுதியார் யாருடைய முகம் கோணாமற் பார்த்துக்கொள்வர் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே இவ்வினா பழைய வினாவன்று. அறைக்குப் பூட்டு வந்தபின், குழு வாணிகம் வளர்ந்தபின், நேரிற் காணாமலே முன்பணம் கட்டும் வழக்கம் ஏற்பட்டபின் எழுந்த வினா. பணம் கட்டும் குடும்பத்திற்கு விடுதியாரே கண். அவர் பேசாதிருப்பின் அக்குடும்பத்திற்குப் பார்வையில்லை.

கதவைத் திறந்து வைக்கும் கடமை

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் விடுதி பற்றிய சட்டம் ஆங்கிலப் பொதுச் சட்டத்தினின்றும் வந்தது. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா ஆகிய மூன்றிடங்களுக்கும் 1826-ஆம் ஆண்டு அரச சாசனத்தின் வாயிலாக ஆங்கிலச் சட்டம் வந்து சேர்ந்தது. விடுதியாளர் பொறுப்பைப் பற்றி மலாயாவில் 1952-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சிங்கப்பூரில் விடுதிகளுக்கு உரிமம் வழங்கும் சட்டம் 1954-இல் வந்தது. இவற்றின் வேர் இங்கிலாந்தின் வழிச் சத்திரங்களில் உள்ளமையால், அங்குச் சென்றே தேட வேண்டும்.

அப்பொதுச் சட்டத்தின் முதற்கடமை, வழிப்போக்கனுக்குக் கதவைத் திறத்தல். இடம் இருக்கும்போது இல்லையென்று பொய் சொல்லி ஒருவனைத் திருப்பியனுப்பிய விடுதியாளன்மீது வழக்குத் தொடுக்கலாம் என்பது 1558-ஆம் ஆண்டளவிலேயே அங்கு நிலைபெற்ற கருத்து. கள்வர் நிறைந்த இருட்சாலையில் ஒருவனை இரவில் நிறுத்துவது அவன் உயிரோடு விளையாடுவதாகும் என்பதே இதன் அடிப்படை. விடுதியாளன் தன் விருப்பம்போல் விருந்தினரைப் பொறுக்கி எடுக்கலாகாது.

இக்கொள்கை 1835-இல் ஐவன்சு என்னும் விடுதியாளர்மீது நடந்த வழக்கில் மிகத் தெளிவாக உரைக்கப்பட்டது. வந்தவர் நள்ளிரவில் வந்தார். தம் பெயரைச் சொல்ல மறுத்தார். அவ்விரண்டும் கதவடைக்கக் காரணமாகா என்றார் நீதிபதி. பெயரைக் கூடக் கேட்டறியும் உரிமை விடுதியாளனுக்கு இல்லை. அதே தீர்ப்பில் நீதிபதி ஒரு விலக்கும் கூறினார். குடித்து வெறித்து வருபவனையும், நாணமின்றித் தகாத வகையில் நடந்துகொள்பவனையும் ஏற்க விடுதியாளன் கட்டுப்பட்டவன் அல்லன் என்றார். ஈண்டு ஒரு நுட்பம் காண்க. வந்தவன் யார் என்பது விடுதியாளனுக்கு வேண்டாத செய்தி; வந்தவன் என்ன செய்கிறான் என்பது வேண்டிய செய்தி. ஆளுக்கும் செயலுக்கும் இடையே அந்நீதிபதி இட்ட கோடு, நம் வினாவிற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இடப்பட்ட கோடாகும்.

அக்கோட்டைக் கடந்தால் என்ன நேரும் என்பதற்கு மேற்கிந்தியப் பந்தாட்ட வீரர் இலியரி கான்சுடன்டைன் அவர்களின் வழக்கே சான்று. 1943-ஆம் ஆண்டு சூலை மாதம், இலார்ட்சு திடலில் கிரிக்கெட்டு ஆட்டத்திற் கலந்துகொள்ளும் பொருட்டு, இலண்டன் இம்பீரியல் விடுதியில் தமக்கும் மனைவிக்கும் மகளுக்கும் நான்கு இரவுகளுக்கு அவர் இடம் பதிவு செய்திருந்தார். போர்க்காலம் ஆதலின் அமெரிக்கர் பலர் அவ்விடுதியிலே தங்கியிருந்தனர். கறுப்பினத்தவர் ஒருவர் உடன் தங்குவது அவர்களுக்குப் பிடிக்காது என்னும் காரணங்கூறி, ஓர் இரவுக்கு மேல் அவர் குடும்பத்தோடு தங்கலாகாது என்றனர் விடுதியார். அவர் வேறு விடுதிக்குச் சென்றார். பின்னர் வழக்குத் தொடுத்தார். 1944-இல் நீதிபதி பெர்க்கெட் விடுதியார் கடமை தவறினர் எனத் தீர்ப்பளித்தார். இழப்பீடு ஐந்து கினி மட்டுமே. எனினும், நிறவேற்றுமையைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1965-இல் வருவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, பழைய சத்திரச் சட்டம் ஒரு குடும்பத்தின் மானத்தைக் காத்தது.

இவ்வழக்கில் வெளியேற்றப்பட்டது ஒரு குடும்பம். காரணமாக்கப்பட்டது ஒரு குழுவின் வெறுப்பு. ‘மற்ற விருந்தினரின் மனம் நோகாதிருக்க’ என்னும் சொல் எவ்வளவு எளிதில் கொடுமைக்குத் துணைபோகிறது என்பதை இதனால் உணரலாம். நம்மவர் வரலாற்றிலும் இதற்குச் சான்றுண்டு. பந்திக்குப் பந்தி சாதி பார்த்த சத்திரங்களும், இன்னார்க்கு இன்ன இடம் என்று பலகை தொங்கவிட்ட இரயில் நிலைய உணவகங்களும் தமிழ்நாட்டில் இருந்தன. பெரியார் ஈ.வெ.ரா. 1904-இல் காசிக்குச் சென்றபோது, பிராமணர்க்கே உணவளிக்கும் சத்திர வாயிலிலிருந்து பசியோடு தள்ளப்பட்டார் என்றும், அச்சத்திரத்தைக் கட்டியவரோ பிராமணர் அல்லாத ஒரு வணிகர் என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆதலின், உடன் தங்குவோரைப் பற்றி முன்னறிவிப்பு வேண்டும் என்று கேட்கும் நாம், எதைக் கேட்கிறோம் என்பதில் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஆளைப் பற்றிய அறிவிப்பைக் கேட்டால், நாளை நம்மைப் பற்றியும் ஒருவர் அவ்வாறே கேட்பார்.

வீட்டைக் காக்கும் கடமை

கதவைத் திறப்பது ஒரு கடமையெனின், உள்ளே வந்தவரைக் காப்பது மற்றொரு கடமை. 1584-இல் தீர்க்கப்பட்டு, எட்வர்டு கோக்கு அவர்களால் எழுதிவைக்கப்பட்ட கேலி என்பவரின் வழக்கு இதற்கு அடிப்படையாகக் காட்டப்படும். விருந்தினனின் பொருளை இரவும் பகலும் காத்துத் தருவது விடுதியாளன் பொறுப்பு. காணாமற் போயின் அவனே ஈடு செய்ய வேண்டும் என்பது அதிற் கூறப்பட்ட விதி. ஆயின் வியப்பு ஒன்று உண்டு. விருந்தினன் விடுதிக்குள் அடிபட்டால் அதற்கு விடுதியாளன் பொறுப்பல்லன் என்றும் அவ்வழக்கில் கூறப்பட்டது. பெட்டிக்கும் துணிக்கும் காப்பு இருந்தது, உடலுக்கு இல்லை! உடலைக் காத்துக்கொள்வது அவனவன் வாளின் வேலையென்று அக்காலத்தார் எண்ணினர் போலும்.

சட்டம் அந்நிலையிலேயே நின்றுவிடவில்லை. தம் வீட்டில் இன்ன தீங்கு நேரலாம் என்று முன்கூட்டியே அறியக்கூடிய நிலையில் இருக்கும் விடுதியார், விருந்தினரை அத்தீங்கினின்றும் காக்கத் தக்க முயற்சி எடுத்தல் வேண்டும் என்னும் கொள்கை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் உறுதிப்பட்டது. அங்குள்ள சட்ட அறிஞர்கள் 1965-இல் தொகுத்து வெளியிட்ட கோட்பாட்டு நூலில், பிறரால் நேரும் தீங்கினின்றும் காக்கும் சிறப்புக் கடமை உடையோர் வரிசையில் விடுதியாளரும் வைக்கப்பட்டனர்.

இதன் கடுமையான பாடம் 1991-ஆம் ஆண்டு செப்டம்பரில் கிடைத்தது. அமெரிக்கக் கடற்படை விமானிகளின் ‘டெயில்குக்’ என்னும் சங்கம், இலாசு வேகாசு நகரின் இல்டன் விடுதியில் தன் ஆண்டு மாநாட்டை நடத்தியது. பகலிற் கருத்தரங்கு; இரவில் மூன்றாம் மாடியிற் குடியும் களியாட்டமும். அம்மாடியின் நடைவழியில் இருபுறமும் ஆடவர் வரிசையாக நின்று, அவ்வழியே வந்த பெண்களைத் தொட்டும் இழுத்தும் இழிவுபடுத்தினர். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் 1993-இல் வெளியிட்ட அறிக்கை, 83 பெண்களும் 7 ஆடவரும் தாக்கப்பட்டனர் எனக் கண்டது. அப்பெண்களுள் கடற்படையிற் பணியாற்றாதோரும் பலர். இத்தகைய ஒழுகலாறு முந்தைய ஆண்டு மாநாடுகளிலும் இருந்தது என்பதையும் அவ்விசாரணை வெளிப்படுத்தியது. கடற்படைச் செயலாளர் 1992-இல் பதவி விலகினார்.

தாக்கப்பட்ட பெண் அதிகாரி ஒருவர் விடுதியின்மீது வழக்குத் தொடுத்தார். போதிய காவல் ஏற்பாடு செய்யத் தவறியதற்கு விடுதியும் பொறுப்பு என 1994-இல் நடுவர் குழு முடிவு செய்து, 17 இலட்சம் டாலர் இழப்பீடும், 50 இலட்சம் டாலர் தண்டத் தொகையும் விதித்தது. மொத்தத் தொகையை நீதிபதி பின்னர் ஓரளவு குறைத்தாரெனினும், பொறுப்பு பொறுப்பாகவே நின்றது. பெட்டிக்கு மட்டுமே காப்பளித்த 1584-ஆம் ஆண்டின் சட்டம், உடலுக்கும் காப்பளிக்க நானூறு ஆண்டுகளுக்கு மேல் நடந்து வந்திருக்கிறது.

தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி மற்றொன்று உண்டு. அம்மாடியில் அக்குழுவினர் எடுத்திருந்த அறைகளுக்கு ‘விருந்தோம்பல் அறைகள்’ என்று பொருள்படும் பெயரே வழங்கிற்று! வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்துப் போற்றிய சொல் அது. விருந்தோம்பல் என்பது ஒரு சிலருக்கு வேண்டியதையெல்லாம் வழங்குதலன்று. இல்லம் புகுந்தார் எல்லாரும் அஞ்சாதிருக்கச் செய்தலே அதன் உயிர்.

பெயர்ப்பலகையே பேசிய காலம்

திறந்த கதவு, காத்த வீடு என்னும் இரண்டு கடமைகளும் ஒன்றோடொன்று முரண்பட்டவை போலத் தோன்றும். யாரையும் ஏற்கவேண்டும்; ஏற்றவரால் மற்றவர்க்குத் தீங்கு நேரவும் கூடாது. இம்முரணைத் தீர்க்கப் பத்தொன்பதாம் நூற்றாண்டினர் ஓர் எளிய வழி கண்டிருந்தனர். விருந்தினரைப் பற்றிப் பேசாமல், வீட்டைப் பற்றியே வெளிப்படையாகப் பேசிவிடுதல் அது.

சுற்றுலாத் தொழிலின் தந்தையெனப் படும் தாமசு குக்கு, மதுவிலக்கு இயக்கத்தைச் சார்ந்தவர். 1841-ஆம் ஆண்டு சூலை 5-ஆம் நாள், இலெசுட்டர் நகரினின்றும் இலப்பரோ என்னும் ஊர்க்கு ஏறத்தாழ 500 பேரை இரயிலில் அழைத்துச் சென்றதும் மதுவிலக்குக் கூட்டத்திற்காகவே. பின்னர் இலெசுட்டரில் அவர் நிறுவிய விடுதியும் மது வழங்காத விடுதி. இத்தகைய ‘மதுவிலக்கு விடுதிகள்’ அக்கால இங்கிலாந்தில் ஊர்தோறும் இருந்தன. குடிப்பவன் உள்ளே வரலாகாது என்று அப்பலகை சொல்லவில்லை. இவ்வீட்டில் மது இல்லையென்றே சொல்லிற்று. வருவோர் தாமே முடிவு செய்துகொண்டனர். அவ்வாறே, ‘குடும்ப, வணிக விடுதி’ என்னும் பெயர்ப்பலகையும் அங்கு மிகுதி. ஊரூராய்ச் செல்லும் வணிக முகவர்க்கென்று தனியறை ஒன்று உள்ளே இருக்கும். அவர்தம் புகையும் நகையும் அங்கே அடங்கும். குடும்பத்தார் வேறு கூடத்தில் உண்பர்.

நம் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் நடத்திய கிட்டங்கிகளை மூத்தோர் அறிவர். பெட்டியடியில் வணிகமும், அங்கேயே ஊணும் உறக்கமுமாக ஆடவர் மட்டும் வாழ்ந்த இடங்கள் அவை. குடும்பத்தோடு அங்கே தங்கலாகாது என்று எவர்க்கும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. கிட்டங்கி என்னும் சொல்லே அதனைச் சொல்லிற்று.

திரைப்படங்களின் நிலையும் இதுவே. சிங்கப்பூரில் 1991-ஆம் ஆண்டு முதல் படங்கள் வயதிற்கேற்ப வகைப்படுத்தப்படுகின்றன. அரங்க வாயிலில் வயதுக் குறிப்பு இருக்கும். உள்ளே அமர்ந்திருப்போர் யாவர் என்று எவரும் பட்டியல் ஒட்டுவதில்லை. உள்ளே காட்டப்படுவது எத்தகையது என்பது மட்டுமே அறிவிக்கப்படுகிறது. தந்தையும் தாயும் அதனைக் கண்டு தம் பிள்ளைக்குத் தக்கதைத் தேர்கின்றனர். பார்ப்போரைப் பழிக்காமல், காட்சியை மட்டும் அறிவிக்கும் முறை இது.

எதைச் சொல்வது? எதைச் சொல்லாதது?

இவ்வரலாற்றினின்றும் நாம் பெறும் விடை யாது? விடுதியார் சொல்லத்தான் வேண்டும். ஆயின் செயலைச் சொல்ல வேண்டும், ஆளைச் சொல்லலாகாது.

‘வெள்ளி, சனி ஆகிய இரு நாள்களிலும் மாலை ஆறு மணிக்கு மேல் நீச்சற்குளம் வயது வந்தோர்க்கு மட்டுமே உரியது, இரண்டாம் மாடிக் கூடத்தில் நள்ளிரவு கடந்தும் ஆடல் பாடல் நிகழும்’ என்பது செயலைச் சொல்வது. இதனைக் கேட்ட தாய் தன் பிள்ளைகளின் வயதை எண்ணி முடிவு செய்வாள். ‘இன்ன சங்கத்தார், இன்ன நாட்டார், இன்ன பழக்கமுடையார் தங்குகின்றனர்’ என்பது ஆளைச் சொல்வது. இது தேவையற்றது, தவறும் கூட. தங்குவோரின் செய்தியைக் காக்க இன்று சட்டமும் உண்டு. தனிமனிதர் விவரங்களைக் காக்கும் சட்டம் மலேசியாவில் 2010-இலும் சிங்கப்பூரில் 2012-இலும் இயற்றப்பட்டது. பூட்டிய கதவிற்குப் பின், எவரையும் வருத்தாமல், வயது வந்தோர் தம் இசைவோடு நடத்தும் வாழ்வு பிறர் அறியவேண்டியதன்று. பொதுவிடத்திற்கு வரும் பகுதியே பொதுச் செய்தி.

சொல்லும் காலமும் முக்கியம். சாவியைக் கையில் கொடுக்கும்போது சொல்வது சொல்வதாகாது. அது குழந்தைகளோடு வந்து நிற்பவரைக் கேலி செய்வதாகும். பணம் பெறுமுன் சொல்லவேண்டும். குடும்பம் பதிவு செய்த பின்னரே குழு ஒப்பந்தம் ஏற்பட்டதெனின், ஏற்பட்ட அன்றே தெரிவித்து, நாளை மாற்றிக்கொள்ளவோ பணத்தைத் திரும்பப் பெறவோ இடமளிக்க வேண்டும். வருவாயை ஒருவரிடம் பெற்று, அதன் விலையை மற்றொருவர் தலையில் ஏற்றுவது வாணிக அறமாகாது.

அறிவிப்பு ஒன்றினாலே கடமை தீர்ந்ததென்று விடுதியார் கருதலும் பிழை. ‘முன்பே சொல்லிவிட்டோமே’ என்பது காவலுக்கு மாற்றாகாது. அம்மூன்றாம் மாடி நடைவழியில், எச்சரிக்கைப் பலகை ஒன்று தொங்கியிருந்தால் மட்டும் அப்பெண்கள் காக்கப்பட்டிருப்பாரோ? ஆங்கு வேண்டியிருந்தது, குழுவினரைக் கட்டுப்படுத்தும் காவல். குழுவினர்க்குத் தனி மாடி, தனி நேரம், பொதுவிடத்தில் நடந்துகொள்ளும் முறைபற்றிய ஒப்பந்த விதி ஆகியவற்றை முன்கூட்டியே அமைத்தல் வேண்டும். இத்தகைய குழுக்கள் சில மேல்நாடுகளில் விடுதி முழுவதையுமே வாடகைக்கு எடுத்துக்கொள்கின்றன. அதுவே இருபாலார்க்கும் நலம்.

ஆம், இருபாலார்க்கும். இதனைக் குடும்பத்தார் மறத்தலாகாது. அறிவிப்பு குழுவினரின் நன்மைக்கும் உரியது. தம் களியாட்டத்தினிடையே சிறுவர் ஓடிவருவதை நேர்மையுள்ள எக்குழுவும் விரும்பாது. பிள்ளைகளின் கூச்சலுக்கு அஞ்சி அமைதியை நாடுவோரும் உலகில் உளர். நம் குடும்பமும் பிறர் கண்ணுக்கு ஒரு குழுவே.

இவ்வாறு சொன்னால் வாணிகம் குன்றும் என்பர் சிலர். மதுவிலக்கு விடுதிகளின் வரலாறு அதற்கு விடை. மது இல்லையென்று பலகையில் எழுதியவர்கள், அதனாலேயே நம்பிக்கை பெற்று வாழ்ந்தனர். மறைத்ததனால் ஒருநாள் வருவாயைக் காத்த விடுதிக்கு, அக்குடும்பம் மீண்டும் வாராது. தகாதது எது என்பதை முடிவு செய்பவர் யார் என்று வினவுவோரும் உண்டு. அதனை விடுதியார் முடிவு செய்யவேண்டியதில்லை என்பதே நம் கருத்து. மாந்தரின் தகுதியை விடுதியார் முடிவு செய்யப் புகுந்தபோதுதான் கான்சுடன்டைன் குடும்பம் தெருவில் நின்றது. இடம், நேரம், வயது எல்லை ஆகிய மூன்றையும் உள்ளபடி சொல்லிவிட்டால், தகுவதும் தகாததும் அவரவர் குடும்பத்தின் தீர்ப்பு.

மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனை நடைமுறையிற் கொள்ளலாம். அறை பதிவு செய்யுமுன் மூன்று கேள்விகளை எழுத்திற் கேளுங்கள். அந்நாள்களிற் பெருங்குழு ஏதும் தங்குகிறதா? அதன் பொருட்டுப் பொதுவிடங்களில் வயதுக் கட்டுப்பாடு ஏதும் உண்டா? பின்னர் அவ்வாறு ஏற்படின் எமக்குத் தெரிவிப்பீர்களா? குழுவின் பெயரைக் கேட்க வேண்டா. மறுமொழி தர மறுக்கும் விடுதியில், நாற்பது பிள்ளைகளின் பொறுப்பை ஏற்ற ஆசிரியர் எவரும் தங்குவது முறையன்று.

மீண்டும் காவிரிக் கரைப் பொழிலுக்கு வருவோம். அங்குக் கவுந்தியடிகள் முதலிற் செய்தது சபித்தலன்று. விலகிச் செல்லுமாறு சொன்னதே முதற் செயல். அவர்களின் குலத்தையோ தொழிலையோ அவர் கேட்கவில்லை. அவர்கள் வாய்ச்சொல் எல்லை கடந்தபோதே அவர் சினந்தார். சாபம் பெற்றோர் நரிகளாய் ஊளையிடக் கேட்டு இரங்கியவர்கள் யாவர்? அவர்களாற் புண்பட்ட கோவலனும் கண்ணகியுமே. அவர்கள் வேண்டியதனால், பன்னிரண்டு மாதங்களில் அவ்விருவரும் பழைய வடிவம் பெறுமாறு அடிகள் எல்லை வகுத்தார்.

பின்னர் மதுரையின் புறஞ்சேரியில், துறவோர் வாழும் அவ்விடம் இல்லறத்தார் தங்குதற்கு ஏற்றதன்று என்று கோவலனிடம் காலத்தோடு எடுத்துச் சொன்னவரும் அவ்வடிகளே. துறவோரும் தாழ்ந்தவரல்லர், இல்லறத்தாரும் தாழ்ந்தவரல்லர். இடம் பொருந்தவில்லை, அவ்வளவே. அதனைப் பொழுது சாயுமுன் சொல்லி, மாதரி என்னும் இடைக்குல மூதாட்டியிடம் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார். மாதரியும் தனி மனையும் புதுக்கலங்களும் தந்து, தன் மகள் ஐயையைத் துணையாக வைத்தாள். எவரையும் பழியாமல், காலத்தோடு ஒரு சொல். அச்சொல்லோடு நில்லாமல் காப்பும் துணையும். விடுதி நடத்துவோர் கற்கவேண்டிய அறம் முழுவதும் இதனுள் அடங்கும்.